‘இலவசச் சுடுநீர்’ என்னும் பொய்க்கணக்கு



இந்தப் பதிவைத் தொடங்குவதற்கு முன் ஒரு மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் ஒன்றில் ‘மின்சாரச் சிக்கனம்’ என்னும் தலைப்பில் சில மணித்துளிகள் பேசினேன். கூரையில் சூரிய மின்தகடு பதித்திருப்பவர்கள், பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டே வீட்டுக்குத் தேவையான சுடுநீரை இலவசமாகப் பெறலாம் என்று அப்போது சொன்னேன். ஒரு விற்பனைத் துண்டறிக்கையில் படித்ததை அப்படியே ஒப்புவித்தேன். பெற்றோர் கைதட்டினர். நானும் மகிழ்ந்து இறங்கிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவரின் தந்தை பள்ளி முடியும் நேரத்தில் என்னைத் தேடி வந்தார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பணிபுரிபவர். கையில் மூன்று மாத மின்கட்டணச் சீட்டுகள் இருந்தன.

“டீச்சர், நீங்க கூட்டத்துல சொன்னதாலதான் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். பில்லு குறையல. கூடியிருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

அவர் குரலில் சினம் இல்லை. அதுதான் என்னை மேலும் வருத்தியது. ஒரு நிறுவனத்திடம் அவர் வாங்கியது 100 லிட்டர் சுடுநீர்த் தொட்டி ஒன்றும், மிஞ்சும் மின்சாரத்தைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் கருவி ஒன்றும். மாதம் 95 ரிங்கிட் வீதம் 36 மாதத் தவணை. மொத்தம் 3,420 ரிங்கிட். விற்பனையாளர் அவரிடம், ‘ஏழெட்டு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும், அதன்பின் எல்லாமே இலவசம்’ என்றாராம்.

நான் ஆறாம் ஆண்டுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். ஆனால், மேடையேறுவதற்கு முன் அந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அன்றிரவுதான் போட்டேன். வாருங்கள், உங்களோடு சேர்ந்து மீண்டும் போடுகிறேன்.

1. குளிப்பதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். நம் நாட்டில் குழாய் நீர் ஏறக்குறைய 28 பாகையில் வருகிறது. குளிப்பதற்கு இதமான வெப்பம் 38 பாகை. ஆக, நாம் ஏற்றவேண்டியது 10 பாகை மட்டுமே. ஒருவர் 40 லிட்டர் நீரில் குளிப்பதாகக் கொள்வோம்.

40 x 10 x 4.2 = 1,680 கிலோஜூல். அதாவது, அரை யூனிட்டிற்கும் சற்றுக் குறைவு, 0.47 யூனிட்.

இதை வேறு வழியிலும் சரிபார்க்கலாம். நம் குளியலறைகளில் மாட்டியிருக்கும் உடனடி ‘ஹீட்டர்’ பெரும்பாலும் 3.6 கிலோவாட் அளவினது. எட்டு நிமிடம் ஓடினால் 0.48 யூனிட். இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே விடைதான்!

அந்தத் தந்தையின் வீட்டில் ஆறு பேர். நாளொன்றுக்கு ஒருமுறை அனைவரும் சுடுநீரில் குளித்தால் 2.8 யூனிட். முப்பது நாளுக்கு 84 யூனிட். 2025 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த தீபகற்ப மலேசியக் கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென். கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். (சிக்கன ஊக்கத்தொகை, எரிபொருள் சரிக்கட்டு, வரி ஆகியவற்றைக் கணக்கு எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.) ஆக, 84 யூனிட்டுக்கு 37 ரிங்கிட் 32 சென்.

விற்பனையாளரின் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது. ‘மாதம் 37 ரிங்கிட் மிச்சம், ஆண்டுக்கு 448 ரிங்கிட், ஏழெட்டு ஆண்டில் முதல் திரும்பும்’ என்று அவர் முடித்துவிடுகிறார். கூட்டலிலும் பெருக்கலிலும் பிழையே இல்லை. பிழை இருப்பது, அவர் எழுதாமல் விட்ட வரியில்!

2. மிஞ்சிய மின்சாரம் வீணாகிறதா?

‘பகலில் மிஞ்சும் மின்சாரம் வீணாகத்தானே போகிறது?’ என்று துண்டறிக்கை கேட்கிறது. இல்லை ஐயா, வீணாகவில்லை! நம் கூரையில் மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியே வெளியேறி, அதே தாமானில் இருக்கும் பக்கத்து வீட்டுக் குளிர்ப்பெட்டியையும் எதிர்க்கடையின் குளிர்சாதனத்தையும் இயக்குகிறது. அந்த அளவுக்கு மின்னிலையத்தில் எரியும் நிலக்கரியோ எரிவாயுவோ குறைகிறது. அதற்கான மதிப்பு நம் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது.

எவ்வளவு வரவு என்பது நாம் எந்தத் திட்டத்தில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

2021-இல் தொடங்கி 2025 ஜூன் 30-இல் மூடப்பட்ட ‘நெம் ரக்யாட்’ திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு ‘ஒன்றுக்கு ஒன்று’ கணக்கு. பகலில் ஒரு யூனிட் வெளியே அனுப்பினால், இரவில் ஒரு யூனிட் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, மின்கம்பியே நமக்குச் செலவில்லாத மின்கலமாக இருக்கிறது.

அந்தத் தந்தை 2024-இல் இத்திட்டத்தில் சேர்ந்தவர். காலையில் உடனடி ஹீட்டருக்காக அவர் எடுத்த ஒவ்வொரு யூனிட்டும், முதல்நாள் பகலில் அவர் கூரை அனுப்பிய யூனிட்டால் ஏற்கெனவே ஈடுசெய்யப்பட்டிருந்தது. இப்போது அந்தப் பகல் யூனிட்டைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால், வரவில் ஒன்று குறையும். செலவில் ஒன்று குறையும். மிச்சம் சுழியம்!

சுழியம் என்றால் கட்டணம் அப்படியே அல்லவா இருக்கவேண்டும்? ஏன் கூடியது? அதற்குக் காரணம் தொட்டி. நண்பகலில் 60 பாகைக்குச் சூடான நீர் மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிவரை, பதினேழு மணிநேரத்திற்கும் மேலாக அங்கேயே காத்திருக்கிறது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணிநேரம் முன்னே நகர்த்தப்பட்டதிலிருந்து நம் பிள்ளைகள் இருட்டில் எழுந்து இருட்டிலேயே குளித்துப் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள். கதிரவன் ஏழு மணிக்கு மேல்தான் தலைகாட்டுகிறான். பகலில் பிடித்த சூட்டை இரவெல்லாம் காக்கவேண்டும். எத்தனை கனமான உறை போட்டாலும் சூடு கசியத்தான் செய்யும். அவருடைய சீட்டுகளே அதைக் காட்டிக்கொடுத்தன: மாதத்திற்கு ஏறக்குறைய 30 யூனிட் கூடுதல். நாளுக்கு ஒரு யூனிட். பணமாகச் சொன்னால் மாதம் 13 ரிங்கிட் நட்டம். அதற்கு மேல் 95 ரிங்கிட் தவணை!

இதைத்தான் நான் மேடையேறி ‘இலவசம்’ என்றேன்.

3. புதிய திட்டத்தில் இருப்பவர்களுக்கு?

2026 ஜனவரி 1 முதல் ‘சோலார் அத்தாப்’ என்னும் புதிய திட்டம் நடப்பில் உள்ளது. அத்தாப்பு என்றால் நம் தாத்தா பாட்டி தோட்டப்புறங்களில் வாழ்ந்த ஓலைக்கூரை நினைவுக்கு வரும். பெயர் பழையது, விதி புதியது. இதில் வீடுகள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு எரிசக்திக் கட்டணம் மட்டுமே வரவாகும், அதாவது 27.03 சென். நாம் வாங்கும் விலையோ 44.43 சென். இடைவெளி 17.40 சென்.

‘பார்த்தீர்களா, இங்கே இலாபம் இருக்கிறதே!’ என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். இருக்கிறது. எவ்வளவு என்று பார்ப்போம்.

உடனடி ஹீட்டர் வழி: 84 யூனிட் x 44.43 சென் = 37.32 ரிங்கிட்.
தொட்டி வழி: குளிக்க 84, கசிவுக்கு 30, ஆக 114 யூனிட். இவற்றை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் வரவு 114 x 27.03 சென் = 30.81 ரிங்கிட்.
மிச்சம்: மாதம் 6 ரிங்கிட் 51 சென்.

ஆண்டுக்கு 78 ரிங்கிட். போட்ட 3,420 ரிங்கிட்டைத் திரும்ப எடுக்க ஏறக்குறைய 44 ஆண்டுகள்! அந்தத் தொட்டி துருப்பிடிக்காமல் அத்தனை காலம் இருக்குமா? இன்று ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதாகியிருக்கும். கசிவே இல்லாத அதிசயத் தொட்டி என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 14 ரிங்கிட் 62 சென்தான் மிச்சம். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

விற்பனைப் பேச்சு மறைத்த வரி இதுதான்: நாம் விற்கக்கூடிய ஒரு பொருளை நாமே பயன்படுத்தினால், விற்காமல் விட்ட விலைதான் அதன் விலை. தோட்டத்து முருங்கைக்காயைச் சந்தையில் விற்பவர், வீட்டுச் சாம்பாருக்கு ஒன்றைப் பறித்தால் அது ‘சும்மா’ வந்ததாகிவிடுமா? நம் பிள்ளைகளுக்கு இலாப நட்டக் கணக்கில் இதைத்தானே சொல்லித் தருகிறோம்!

4. அப்படியானால் இந்த எண்ணமே தவறா?

தவறு என்று நான் சொல்லவில்லை. எண்ணம் நல்லது. பிறந்த ஊரில் அது முழுக்கச் சரியாகவே இருந்தது.

பிரிட்டனில் 2010 ஏப்ரலில் தொடங்கிய மின்கொடைக் கட்டணத் திட்டத்தில் சிறிய வீடுகள் வெளியே அனுப்பும் மின்சாரத்தைப் பெரும்பாலும் அளக்கவே இல்லை. உற்பத்தியில் பாதியை வெளியே அனுப்பியதாக வைத்துக்கொண்டு பணம் கொடுத்தார்கள். எனவே, மிஞ்சியதைத் தொட்டிக்குத் திருப்பினாலும் வருமானம் ஒரு காசும் குறையவில்லை. அங்கே அது உண்மையிலேயே இலவசம். அதோடு, அந்நாட்டு வீடுகள் பலவற்றில் சுடுநீர்த் தொட்டி ஏற்கெனவே இருந்தது. குழாய் நீரும் கடுங்குளிர். பத்துப் பாகையில் வரும் 150 லிட்டர் நீரை 60 பாகைக்கு ஏற்ற 8.75 யூனிட் வேண்டும். நம் ஆறு பேர் குடும்பத்துக்கு வேண்டியதோ 2.8 யூனிட்! குளிர்நாட்டுக் கணக்கை வெப்பநாட்டுக்கு அப்படியே தூக்கிவந்து விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம்.

தென் ஆஸ்திரேலியாவில் வேறொரு நியாயம் உண்டு. நண்பகலில் கூரைத் தகடுகளின் மின்சாரமே மாநிலத்தின் தேவை முழுவதையும் ஈடுகட்டிய நேரங்கள் அங்கே வந்திருக்கின்றன. கொடுக்க இடமில்லாதபோது நீரைச் சூடாக்கி வைப்பது அறிவான செயல். நம் நாட்டிலும் அப்படியொரு நாள் வரலாம். வந்தால், அன்றைய விதியை வைத்து மீண்டும் கணக்குப் போடுவோம்.

நம் நாட்டில் இன்றைக்கு இது யாருக்குப் பயன்படும்? என் அறிவுக்கு எட்டியவரை மூன்று வகையினருக்கு:

அ) மின்கம்பிக்கு அனுப்பும் ஒப்பந்தம் இல்லாதவர்கள், அல்லது கம்பியே எட்டாத உட்புறங்களில் வாழ்பவர்கள். இவர்களுக்கு மிஞ்சியது உண்மையாகவே வீண். தாராளமாகச் சூடாக்கலாம்.

ஆ) ‘சோலார் அத்தாப்’ திட்டத்தில் இருந்து, மாத வரவு மாதக் கட்டணத்தைத் தாண்டிவிடுபவர்கள். இத்திட்டத்தில் பயன்படாத வரவு அடுத்த மாதத்திற்குச் செல்லாது, கழிந்துவிடும். கழிந்துபோகும் யூனிட்டுக்கு விற்பனை விலை சுழியம். ஆனால், மாதம் தவறாமல் அப்படிக் கழிகிறதென்றால், தேவைக்கு மேல் தகடு பதித்துவிட்டோம் என்பதே அதன் பொருள்.

இ) ஏற்கெனவே வீட்டில் சுடுநீர்த் தொட்டி வைத்திருந்து, புதிய திட்டத்தில் இருப்பவர்கள். இவர்கள் விலையுயர்ந்த கருவி எதையும் வாங்க வேண்டியதில்லை. இரவில் சூடாகும் தொட்டியைப் பகல் 11 மணிமுதல் 2 மணிவரை சூடாகும்படி ஒரு நேர விசையைப் பதிவுபெற்ற வயர்மேனைக் கொண்டு பொருத்தினால் போதும். கசிவு இரவானாலும் பகலானாலும் ஒன்றுதான்; ஆகவே 114 யூனிட்டுக்கும் 17.40 சென் மிச்சம். மாதம் ஏறக்குறைய 20 ரிங்கிட். இது மெய்யான சேமிப்பு! ஆனால், இதைச் சொல்லி எவரும் துண்டறிக்கை அடிக்கமாட்டார். ஏனெனில், இதில் விற்பதற்குப் பெரிய பொருள் ஏதுமில்லை.

பாதுகாப்பையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். சிக்கனம் என்று தொட்டியின் வெப்பத்தை 40 பாகைக்குக் குறைத்து வைக்காதீர்கள். அந்த வெதுவெதுப்பில்தான் லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் நோய்க்கிருமி பெருகும். 60 பாகைக்கு ஏற்றுங்கள். குழாயில் குளிர்நீர் கலக்கும் வால்வு பொருத்துங்கள். இல்லையேல் சிறு பிள்ளைகளின் தோல் வெந்துவிடும். அழுத்தம் தணிக்கும் வால்வும், 10 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுப் பாதுகாப்பியும் கட்டாயம் இருக்கவேண்டும்.

5. ஆசிரியர்களுக்கு ஒரு சொல்

இனிச் சொல்லப்போவது என் சக ஆசிரியர்களுக்குக் கசக்கலாம். பொறுத்தருள்க.

ஆசிரியர் அறையில் விற்கப்படாத பொருள் என்று இன்று ஏதாவது உண்டா? நீர்வடிகட்டி, காப்புறுதி, சத்துமாவு, இப்போது சூரிய மின்தகடும் சுடுநீர்த் தொட்டியும். பகுதிநேர முகவர்களாக இருக்கும் ஆசிரியர்கள் சிலர் பெற்றோரையே வாடிக்கையாளராக்குகிறார்கள். அரசு ஊழியர் வெளிவேலை செய்வதற்கு முன் அனுமதி பெறவேண்டும் என்று 1993-ஆம் ஆண்டின் நடத்தை விதிமுறை சொல்கிறது. அந்த விதியைக்கூட விட்டுவிடுவோம். அதைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது.

பெற்றோர் நம்மை நம்புகிறார்கள். ‘வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்று தோட்டப்புறத்திலிருந்து கொண்டுவந்த நம்பிக்கை அது. நமக்கு முன்னிருந்த ஆசிரியர்கள், கடிதம் எழுதிக் கொடுத்தும், பாரம் நிரப்பிக் கொடுத்தும், நிலப் பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்லியும் ஈட்டிவைத்த நம்பிக்கை. நான் எந்த முகவரும் இல்லை. ஒரு சென்கூடக் கழிவு பெறவில்லை. ஆனாலும் என் சொல்லை நம்பி ஒரு குடும்பம் மூன்றாண்டுக் கடனில் இறங்கியது. கழிவு வாங்காதது என் குற்றத்தைக் குறைத்துவிடுமா? கணக்குப் போடாமல் பேசியது குற்றம்தானே!

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது, ‘விடையைச் சொல்லாதே, வழியைக் காட்டு’ என்பது. அதைப் பிள்ளைகளிடம் கடைப்பிடிக்கும் நாம், பெற்றோரிடம் மட்டும் விடையைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம்.

6. பெற்றோர்களுக்கு

இனி எவரேனும் மிஞ்சும் மின்சாரத்தில் இலவசச் சுடுநீர் என்று உங்கள் கதவைத் தட்டினால், அவர் ஆசிரியராகவே இருந்தாலும், இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

• நான் இருக்கும் திட்டத்தில், வெளியே அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு எனக்கு எவ்வளவு வரவு?
• அந்த வரவை இழப்பதையும் உங்கள் கணக்கில் கழித்திருக்கிறீர்களா?
• தொட்டி ஓர் இரவில் எத்தனை யூனிட் வெப்பத்தை இழக்கும்?
• இவற்றைக் கழித்தபின் மாத மிச்சம் எவ்வளவு? அதை எழுதிக் கையொப்பமிட்டுத் தருவீர்களா?

நான்காவது கேள்விக்கு அவர் தயங்கினால், நீங்களும் கையொப்பமிடத் தயங்குங்கள். கணக்கு விளங்கவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். சீட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பிள்ளையின் கணித ஆசிரியரிடம் போங்கள். உட்கார்ந்து போட்டுக் காட்டுவது எங்கள் கடமை.

அந்தத் தந்தையின் வீட்டுக்கு நானே சென்றேன். திருப்பிவிடும் கருவியை நிறுத்திவிட்டு, பழைய உடனடி ஹீட்டருக்கே திரும்பச் சொன்னேன். கூடுதல் 30 யூனிட் நின்றுவிடும். தவணை நிற்காது. ‘பரவாயில்லை டீச்சர்’ என்று சொல்லித் தேநீர் கொடுத்தார். அவர் மகன் மேசையருகில் நின்று, நான் எழுதிய கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ‘27 சென்னுக்கு விக்கிறத 44 சென்னுக்கு ஏன் வாங்கணும்?’ என்று கேட்டான். நல்ல கேள்வி. கட்டமைப்புக் கட்டணம் என்றால் என்னவென்று அவனுக்கு விளக்க எனக்கு அரை மணிநேரம் ஆயிற்று. கூட்டத்தில் நான் பேசியது பத்து நிமிடம்கூட இல்லை.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். முன்பு சொன்னது தவறு என்று அதே மேடையில் சொல்லவேண்டும். இந்தக் கணக்கை வெண்பலகையில் எழுதிக் காட்டவேண்டும். இதற்குக் கைதட்டு கிடைக்காது. தேவையுமில்லை.

கணக்குப் போடுவோம்! பிறகு கையொப்பமிடுவோம்!

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்